மழை தந்த தனிமை

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள குடைவரைக் கோயிலின் தாமரைப் பொய்கை ஓவியத்தைக் காணச் செல்வோர் பலர். அவர்களுள் மலையின்மீது ஏறி, அதன் சரிவில் மறைந்து கிடக்கும் குகை ஒன்றையும் கண்டு திரும்புவோர் சிலரே. அக்குகைக்குச் செல்லும் வழி எளிதானது அன்று. பாறையின் விளிம்பில் கால் ஊன்றுவதற்கென ஏழு குழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றால் அவ்விடத்துக்கு ஏழடிப்பட்டம் என்று பெயர் வந்தது. அவ்வழியே தாழ்வான அக்குகைக்குள் நுழைந்தால், வரிசை வரிசையாக 17 கற்படுக்கைகளைக் காணலாம். பாறையைச் செதுக்கி, வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் தலையணைபோல் சிறிது மேடு விட்டுச் செய்திருக்கிறார்கள்.

அவற்றுள் ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. எருமி நாட்டுக் குமட்டூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்குச் சிறுபாவில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் பொருள். கி.மு. முதல் நூற்றாண்டு அளவில் வெட்டப்பட்டது என்று கல்வெட்டறிஞர் கருதுவர். எங்கோ பிறந்த ஒருவர் இந்தப் பாறையின் மடியில் வந்து படுத்திருக்கிறார். வேறோர் ஊரார் அவருக்காக உளி பிடித்து உழைத்திருக்கின்றனர்.

இவர்கள் ஏன் இங்கு வந்தார்கள்? ஊரும் உறவும் விட்டுத் தனியே இருப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு? தனித்திருக்க விரும்பிய ஒருவருக்காகப் பிறர் ஏன் பாடுபட்டார்கள்? இக்கேள்விகளுக்கு விடை காணப் புறப்பட்டால், நாம் புதுக்கோட்டையிலிருந்து கங்கைக் கரைக்குச் செல்ல வேண்டும். காலத்திலும் ஐந்து நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

கங்கைச் சமவெளியில் புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலம் அது. வீடு துறந்த முனிவர்கள் பலர் அந்நாளில் ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தனர். ஓரிடத்தில் நிலைத்துத் தங்கினால் அந்த இடத்தின்மீது பற்று உண்டாகும். பற்றை அறுப்பதற்கே வீட்டை விட்டோம். ஆகவே நடந்துகொண்டே இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் ஆண்டில் சில மாதங்கள் அந்நாட்டில் பெருமழை பெய்யும். ஆறுகள் கரை புரளும். வயல்களில் இளம்பயிர் தலை காட்டும். மண்ணிலிருந்து எண்ணற்ற சிற்றுயிர்கள் வெளிவரும். அந்தக் காலத்தில் நடப்பவன் காலடியில் உயிர்கள் நசுங்காமல் இரா.

விநய பிடகத்தின் ஒரு பகுதியாகிய மகாவக்கம் இதைப் பற்றி ஒரு செய்தி கூறுகிறது. புத்தரின் மாணவர்களாகிய பிக்குகள் மழைக்காலத்திலும் அலைந்து திரிந்தனராம். அதைக் கண்ட ஊர் மக்கள் முணுமுணுத்தனர். பச்சைப் புல்லை மிதிக்கிறார்களே, சின்னஞ்சிறு உயிர்களைக் கொல்கிறார்களே, மற்றச் சமயத்துத் துறவிகள்கூட மழைக்காலத்தில் ஓரிடத்தில் அடங்கியிருக்கின்றனரே, பறவைகளும் மர உச்சியில் கூடு கட்டித் தங்குகின்றனவே என்று அவர்கள் குறை கூறினர். அக்குறை புத்தரின் செவிக்கு எட்டியது. மழைக்காலத்தில் மூன்று மாதம் பிக்குகள் ஓரிடத்தில் உறைய வேண்டும் என்று அவர் விதி செய்தார். பாலி மொழியில் அதற்கு வஸ்ஸம் என்று பெயர். மழை என்பதே அச்சொல்லின் பொருள்.

இவ்விதி பிறந்த வகையை நாம் கவனிக்க வேண்டும். மனத்தை அடக்க எண்ணிய ஞானி ஒருவர் மலைமுகட்டில் அமர்ந்து வகுத்த சட்டம் அன்று இது. உழவர்கள் பயிரைப் பற்றிக் கவலைப்பட்டனர். உயிர்களைப் பற்றி இரங்கினர். அவர்கள் குறை கூறியதனால் பிறந்த சட்டம் இது. ஊரோடு ஒத்து வாழ்வதற்காகத்தான் ஊரை விட்டு ஒதுங்கியிருக்கும் மழைக்கால உறைவு தோன்றிற்று.

ஆஷாட மாதத்து முழுநிலவுக்கு மறுநாள் உறைவு தொடங்கும். தவறியவர்கள் ஒரு மாதம் கழித்துத் தொடங்கலாம். எங்கே உறைவது என்பதற்கும் விதிகள் இருந்தன. மரப்பொந்தில் உறையலாகாது, மரக்கிளையின் கவட்டில் உறையலாகாது, திறந்த வெளியிலும் குடை நிழலிலும் உறையலாகாது, பெரிய சாடிக்குள் புகுந்துகொண்டும் உறையலாகாது. இவற்றையெல்லாம் யாரோ சிலர் செய்து பார்த்ததனால்தான் தடை விதிக்க நேர்ந்தது என்று அந்நூல் கூறுகிறது. கடுமையான தனிமையைத் தேடி மனிதர் எத்தனை வழிகளை முயன்றிருக்கின்றனர் என்பதை இதனால் அறியலாம். அதே சமயத்தில், மாட்டுக் கிடையோடு செல்பவரும், வணிகச் சாத்தோடு செல்பவரும், கப்பலில் செல்பவரும் அங்கங்கேயே தம் உறைவைக் காத்துக்கொள்ள இடம் தரப்பட்டது.

உறைவுக்கு இடையே வெளியே போகலாமா? தக்க காரணம் இருந்தால் ஏழு நாள் வரை போய்த் திரும்பலாம். காரணங்களின் பட்டியலில் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. மற்ற உறவினர் நோயுற்றால் அவர்கள் ஆள் அனுப்பினால் மட்டுமே போகலாம். தாயோ தந்தையோ நோயுற்றதாக அறிந்தால், ஆள் வராவிட்டாலும் போகலாம். எல்லாவற்றையும் துறந்தவனுக்கும் பெற்றோரின் நோய்ப்படுக்கைக்குச் செல்லும் வழி அடைக்கப்படவில்லை.

புத்தரே தனிமையை நாடிய சந்தர்ப்பங்கள் உண்டு. இச்சாநங்கலம் என்னும் இடத்துக் காட்டில் மூன்று மாதம் அவர் தனித்திருந்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறும். உணவு கொண்டு செல்லும் ஒருவரைத் தவிர வேறு எவரும் அவரிடம் செல்லவில்லை. அம்மூன்று மாதமும் மூச்சின் வரவையும் போக்கையும் நினைவோடு நோக்கும் தியானத்திலேயே பெரிதும் கழிந்தன என்று அவர் பின்னர் மாணவர்களிடம் தெரிவித்தார். பிறர் கேட்டால் இதையே விடையாகக் கூறுமாறும் சொன்னார்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் சுவையானது. கோசம்பி நகரத்தில் பிக்குகள் இரு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டனர். ஒரு சிறு விதியை ஒருவர் மீறினாரா இல்லையா என்பதே வழக்கு. புத்தர் எடுத்துச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. ஆகவே அவர் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தனியே புறப்பட்டுப் பாரிலேயகம் என்னும் காட்டுக்குச் சென்றார். அக்காட்டில் யானை ஒன்று இருந்தது. தன் கூட்டத்து யானைகள் நெருக்கியடிப்பதையும், தான் இறங்கும் முன்பே நீரைக் கலக்கிவிடுவதையும் பொறாமல் அதுவும் தனியே விலகி வந்திருந்தது. கூட்டத்தை வெறுத்து வந்த இருவரும் காட்டில் ஒருவருக்கொருவர் துணையாயினர் என்பது கதை.

கோசம்பியில் என்ன நடந்தது? அங்குள்ள இல்லறத்தார் கூடிப் பேசினர். இந்தச் சண்டைக்காரர்களால்தான் புத்தர் நம்மை விட்டுப் போனார். இனி இவர்களை வணங்குவதில்லை, இவர்களுக்கு உணவு இடுவதுமில்லை என்று முடிவு செய்தனர். பசி வந்தது, அறிவும் வந்தது. பிக்குகள் சாவத்தி நகரத்துக்குச் சென்று புத்தரைக் கண்டு, தங்கள் சண்டையைத் தீர்த்துக்கொண்டனர். துறவியின் தனிமையும் ஒழுக்கமும் இல்லறத்தாரின் சோற்றுப் பானையோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதை இக்கதை நன்கு காட்டுகிறது.

இனி, எல்லாவற்றினும் சிறந்த செய்தியைச் சொல்கிறேன். கோசல நாட்டில் பிக்குகள் சிலர் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று உறுதி செய்துகொண்டனர். பேசினால் அல்லவா சண்டை வரும்? பிச்சை ஏற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை இடுவார். கால் கழுவ நீர் வைப்பார். கடைசியில் வருபவர் பாத்திரங்களைக் கழுவி, இடத்தைப் பெருக்குவார். தண்ணீர்க் குடம் வெறிதாக இருப்பதைக் கண்டவர் அதை நிரப்புவார். தனியே தூக்க முடியாவிட்டால், கையசைத்து மற்றொருவரை அழைப்பார். வாய் மட்டும் திறக்கமாட்டார். மூன்று மாதம் இவ்வாறே கழிந்தது. அதன்பின் அவர்கள் புத்தரிடம் சென்று, நாங்கள் ஒற்றுமையாகவும் இன்பமாகவும் மழைக்காலத்தைக் கழித்தோம் என்று பெருமையோடு கூறினர்.

புத்தர் பாராட்டினாரா? இல்லை, கடிந்துகொண்டார். ஆடுமாடுகள் ஒரே பட்டியில் அடைபட்டுக் கிடப்பதைப் போல அல்லவா இருந்திருக்கிறீர்கள் என்னும் கருத்துப்படப் பேசினார். ஊமை நோன்பை விலக்கினார். அதற்கு மாறாக, உறைவின் இறுதி நாளில் ஒரு சடங்கை ஏற்படுத்தினார். பவாரணை என்பது அதன் பெயர். அன்று ஒவ்வொரு பிக்குவும் மற்றவர் முன்னே குந்தியமர்ந்து கைகூப்பி, என்னிடம் நீங்கள் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆகிய குற்றம் ஏதேனும் இருந்தால் இரக்கத்தோடு எடுத்துக் கூறுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொள்வார். வயதில் மூத்தவரும் இதற்கு விலக்கு அல்லர். அவரே முதலில் தொடங்குவார்.

மாணவ நண்பர்களே, இச்செய்தியைச் சற்றுச் சிந்தியுங்கள். மூன்று மாதம் ஒதுங்கியிருந்தவன் தன் மனம் அமைதி பெற்றுவிட்டது என்று தானே சான்று எழுதிக்கொள்ள முடியாது. அமைதி வந்ததா இல்லையா என்பதைப் பிறர் சொல்லக் கேட்கும்போது அவன் முகம் சுளிக்கிறானா என்பதில்தான் அறியலாம். தனிமைக்கு ஒரு தேர்வு உண்டு. அத்தேர்வு கூட்டத்தின் நடுவே நடைபெறுகிறது. 2500 ஆண்டுகளுக்கு முன்னே இதை உணர்ந்து, சடங்காகவும் ஆக்கி வைத்தது பெரிய செயல் என்றே கூற வேண்டும்.

சமண சமயத்திலும் இவ்வழக்கம் மிக உறுதியானது. அங்கு நான்கு மாதம் உறைவர். அதனால் சாதுர்மாசம் என்பர். மகாவீரர் துறவு பூண்ட பின்னர் வாழ்ந்த காலத்தைக் கல்பசூத்திரம் மழைக்காலங்களைக் கொண்டே கணக்கிடுகிறது. மொத்தம் 42 மழைக்காலங்கள். அவற்றுள் 12 வேசாலியிலும் அதை அடுத்த வாணிய கிராமத்திலும் கழிந்தன. 14 இராசகிருகத்திலும் நாலந்தாவிலும் கழிந்தன. 6 மிதிலையில் கழிந்தன. இறுதி மழைக்காலம் பாவா நகரில். எங்கெங்கே நடந்தார் என்பதைவிட, எங்கெங்கே அமர்ந்திருந்தார் என்பதே வரலாறாகப் போற்றப்பட்டிருக்கிறது. பௌத்த சங்கத்திலும் ஒரு பிக்குவின் மூப்பை அவர் பிறந்த ஆண்டைக் கொண்டு அளப்பதில்லை. துறவு பூண்டபின் எத்தனை மழை கண்டார் என்று எண்ணியே அளப்பர்.

மழைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டுமல்லவா? இங்கேதான் அரசரும் வணிகரும் வரலாற்றில் நுழைகின்றனர். பீகாரில் கயைக்கு வடக்கே பராபர் மலை இருக்கிறது. அங்கே அசோகர், முடிசூடிய 12 ஆம் ஆண்டில், கருங்கல்லில் குடைந்த குகைகளை ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்தார். அதே காலத்தைச் சேர்ந்த மற்றொரு குகையில் 19 ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. அருகிலுள்ள நாகார்ச்சுனி மலையில் தசரதன் என்னும் மௌரிய அரசன் மேலும் மூன்று குகைகளைக் கொடுத்தான். ஞாயிறும் திங்களும் உள்ளவரை ஆசீவகர் மழைக்காலத்தில் உறைவதற்காக இது கொடுக்கப்பட்டது என்று அவன் கல்வெட்டே வெளிப்படையாகக் கூறுகிறது.

அக்குகைகளின் உட்சுவர்கள் இன்றும் கண்ணாடிபோல் பளபளக்கின்றன. 2200 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மெருகு மங்கவில்லை. உள்ளே நின்று ஒரு சொல் சொன்னால் அது நெடுநேரம் சுழன்று சுழன்று ஒலிக்கும். வாய் பேசாதிருக்கக் கற்றவனே அங்கு இருக்க முடியும் போலும்! ஆனால் அங்கும் மனிதப் பகை புகுந்திருக்கிறது. கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் என்னும் சொல்லை மட்டும் பிற்காலத்தில் யாரோ உளியால் சிதைத்திருக்கின்றனர். ஞாயிறும் திங்களும் உள்ளவரை என்று அரசன் எழுதிவைத்த கொடை, அவற்றுக்கு வெகுகாலம் முன்பே கைமாறிவிட்டது.

கடல் கடந்து இலங்கைக்கும் இவ்வழக்கம் சென்றது. அசோகர் காலத்தில் மகிந்தர் அங்குச் சென்றபோது, மிகிந்தலை மலையில் மழைக்கால உறைவு மேற்கொண்டார் என்றும், அதற்காகத் தேவநம்பிய தீசன் என்னும் அரசன் 68 குகைகளைச் செப்பனிட்டுத் தந்தான் என்றும் மகாவம்சம் கூறும். இலங்கை முழுவதிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குகைக் கல்வெட்டுகள் பிராமி எழுத்தில் உள்ளன. வந்தவர்க்கும் இனி வரப்போகிறவர்க்கும், நாற்றிசைச் சங்கத்தார் அனைவர்க்கும் இது உரியது என்பது அவற்றுள் பலவற்றின் வாசகம். வவுனியாப் பகுதியில் பெரிய புளியங்குளம் என்னும் இடத்தில் உள்ள கல்வெட்டு, விசாகன் என்னும் தமிழ் வணிகன் ஒருவனுடைய குகைக்கொடையைக் குறிக்கிறது.

இலங்கையைப் பற்றி ஒரு புதுமை சொல்ல வேண்டும். அநுராதபுரத்தைச் சூழ்ந்த பகுதிக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அது வீசுவது ஐப்பசிக்குப் பின்னர். ஆனால் மழைக்கால உறைவோ ஆடியில் தொடங்கி ஐப்பசியில் முடிகிறது. கங்கைக் கரை மழையை ஒட்டி எழுந்த விதி, மழை இல்லாத மாதங்களிலும் அங்கே மழைக்கால விதியாகவே நிலைத்தது. காரணம் மறைந்தாலும் காரியம் மறையவில்லை. ஆண்டில் ஒரு பகுதியை அமர்ந்திருக்க ஒதுக்க வேண்டும் என்னும் தேவையை மனிதர் ஏற்கெனவே உணர்ந்துவிட்டனர். அதன்பின் வானம் பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒன்றுதான். சீனத் துறவி பாகியான் கி.பி. 399 இல் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டவர். பாலைவனமும் பனிமலையும் கடந்து வந்த அந்த வழியிலும் அவர் உறைவுக் காலம் வந்தபோது பயணத்தை நிறுத்தித் தங்கினார். எங்கெங்கே தங்கினார் என்பதையும் தம் நூலில் குறித்துவைத்தார்.

இப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். மதுரையைச் சூழ்ந்த மலைகளில் மாங்குளம், அழகர்மலை, கீழவளவு, கொங்கர்புளியங்குளம் முதலிய பல இடங்களில் கற்படுக்கைகள் உள்ளன. ஊர் மக்கள் அவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். வரலாறு மறந்தபோது மக்கள் தமக்குத் தெரிந்த கதையை அங்கே வைத்துப் பார்த்திருக்கின்றனர். அவை பெரும்பாலும் சமண முனிவர்க்காகச் செய்யப்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. முகப்புப் பாறையில் புருவம்போல ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் குகைக்குள் வாராமல் அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழும். மழைக்கு அஞ்சிச் செய்த இந்தச் சிறு வேலையே, இக்குகைகள் எதற்குப் பயன்பட்டன என்பதை நமக்குச் சொல்லும் சான்று.

மாங்குளத்துக் கல்வெட்டுகள் 1882 இல் கண்டுபிடிக்கப்பட்டன. நெடுங்காலம் அவற்றின் மொழி இன்னதென்று தெளியவில்லை. 1924 இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே என்று காட்டினார். 1960 களில் ஐராவதம் மகாதேவன் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரை அங்குப் படித்தார். கணி நந்தன் என்னும் முனிவருக்கு அப்பாண்டியனைச் சார்ந்தோர் செய்த கொடை அது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவினரும் அங்கே கொடை அளித்திருக்கின்றனர். கரூருக்கு அருகே புகலூர் ஆறுநாட்டார் மலையில், சேர அரச குடும்பத்து இளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது யாற்றூரைச் சேர்ந்த முனிவர் செங்காயபனுக்கு வெட்டுவித்த உறைவிடம் இருக்கிறது. ஜம்பையில் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி இருக்கிறது. அக்கல்வெட்டு 1981 இல் வெளிப்பட்டது. பாளி என்பது முனிவர் உறையும் குகைக்கு அந்நாளில் வழங்கிய பெயர்.

அரசர் பெயர்களைக் கண்டு நாம் மகிழ்வது இயல்பே. ஆனால் எனக்கு அழகர்மலைக் கல்வெட்டுகளே மிகவும் உவப்பானவை. அங்குக் கொடை அளித்தோர் யார் யார் தெரியுமா? மதுரைப் பொன்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் ஒருவன். வெல்லம் விற்றவன் ஒருவன். கலப்பைக்குரிய கொழு விற்றவன் ஒருவன். துணி விற்றவன் ஒருவன். கடைத்தெருவின் இரைச்சலில் நாள் முழுவதும் நின்று, நிறுத்தும் அளந்தும் விலை பேசியும் பிழைத்தவர்கள் இவர்கள். மலைக்குகையில் சென்று அமர இவர்களுக்கு ஓய்வு ஏது? தமக்குக் கிட்டாத அமைதியை வேறு ஒருவர் பெறட்டும் என்று தம் ஊதியத்தில் ஒரு பங்கைக் கல்லில் இட்டனர். உப்பு விற்றவன் கொடுத்த படுக்கையில் முனிவர் படுத்தார். முனிவர் கீழே இறங்கி வந்தபோது அவ்வணிகன் அவரிடம் அறம் கேட்டிருப்பான். குகை மேலும் சந்தை கீழுமாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருந்தது. அப்பாதை அற்றுப்போகவில்லை என்பதற்கே இக்கல்வெட்டுகள் சான்று.

மூன்று மாதம், நான்கு மாதம் எனத் தொடங்கிய தங்கல் நாளடைவில் வளர்ந்தது. மழை நின்றும் முதியோர் சிலர் அங்கேயே தங்கினர், நோயுற்றோர் தங்கினர், சுவடி கற்போர் தங்கினர். குடில் விகாரமாயிற்று, விகாரம் கல்விக்கூடமாயிற்று. மகாவீரர் மழைக்கு ஒதுங்கிய அதே நாலந்தாவில், பிற்காலத்தில் குப்த மன்னர் ஆதரவில் உலகப் புகழ் பெற்ற பெருங்கல்விச் சாலை எழுந்தது. இதில் ஓர் இழப்பும் உண்டு. நிலமும் செல்வமும் சேரச் சேர, அலைந்து திரிந்தவர் ஓரிடத்தார் ஆயினர். தனிமைக்கென வந்த இடத்தில் கூட்டமும் கணக்கு வழக்கும் பெருகின. பற்றை அறுக்க நடந்தவர்களை மழை நிறுத்தியது; நிறுத்திய இடத்தில் பற்று மீண்டும் முளைத்தது. இந்த இழுபறியைத் துறவறத்தின் வரலாறு முழுவதிலும் காணலாம்.

இன்று இவ்வழக்கம் என்ன ஆயிற்று? தாய்லாந்தில் இளைஞர் பலர் வாழ்வில் ஒருமுறை மழைக்கால மூன்று மாதத்துக்கு மட்டும் துவராடை பூண்டு விகாரத்தில் உறைந்து, பின் வீடு திரும்புவர். அரசு ஊழியர்க்கு இதற்கென விடுப்பும் உண்டு. பர்மாவில், விடுதலைக்குப் பின் 1948 இல் நாட்டின் கணக்குத் தலைமை அதிகாரியாக அமர்ந்த ஊ பா கின், தம் அலுவலகத்தாருக்கே தியானம் கற்பித்தார். 1952 இல் ரங்கூனில் தியான நிலையம் ஒன்றையும் நிறுவினார். இல்லறத்தார் நீண்ட காலம் ஒதுங்கியிருக்க முடியாது என்பதை உணர்ந்து, 10 நாள் பயிற்சியாக அதை அமைத்தார். அவரிடம் பயின்ற வணிகர் ச. நா. கோயங்கா 1969 இல் பம்பாயில் முதல் பயிற்சியை நடத்தினார். 1976 முதல் இகத்புரியில் அதற்கெனத் தனி இடம் உண்டாயிற்று. 1994 இல் தில்லித் திகார்ச் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் ஒரே சமயத்தில் இப்பயிற்சியில் அமர்ந்தனர். சுவருக்குள் அடைபட்டிருப்பதும் தனிமையில் அமர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் நேரில் அறிந்திருப்பார்கள். அழகர்மலைக்குக் கல்லை மட்டும் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிய உப்பு வணிகனின் வழியினர், இன்று தாமே சில நாள் சென்று அமரும் நிலை வந்திருக்கிறது.

நான் மீண்டும் ஏழடிப்பட்டத்துக்கே வருகிறேன். அங்குள்ள படுக்கைகளில் பண்டைக் கல்வெட்டோடு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கு வந்து தவம் செய்தோர் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. பரம்பரை பரம்பரையாக அந்தக் கல் வெறுமையாய் இருந்ததில்லை. நம் நாட்டுக் குகைகள் பலவற்றில் அப்பெயர்களுக்கு அருகே வேறு பெயர்களும் இன்று காணப்படுகின்றன. சுற்றுலா சென்றவர்கள் கல்லாலும் ஆணியாலும் கீறிய பெயர்கள் அவை. வண்ணம் கொண்டு எழுதியவையும் உண்டு. சில மலைகள் கல் உடைப்புக்கே இரையாகிவிட்டன. தம் பெயரை மறப்பதற்காக ஒருவர் வந்து படுத்த இடத்தில், தம் பெயரை நிலைநாட்ட மற்றொருவர் ஆணி எடுக்கிறார். அந்தக் கீறல் சில கணங்களின் வேலை. அது அழிக்கும் எழுத்தோ தமிழ் மொழியின் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று.

நீங்கள் அம்மலைகளுக்குச் செல்லுங்கள். தோழர்களோடு ஆரவாரமாகச் சென்றாலும், குகைக்குள் சென்றதும் கால்மணி நேரம் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேசாது அமர்ந்து பாருங்கள். காற்றின் ஓசை கேட்கும். பிறகு உங்கள் மூச்சின் ஓசை கேட்கும். அதன்பின் இதுவரை கேளாத உங்கள் எண்ணங்களின் ஓசையும் கேட்கத் தொடங்கும். கீழே இறங்கி வந்தபின், உடன் வந்த நண்பனிடம், என்னிடம் நீ கண்ட குறை ஏதேனும் உண்டா என்று ஒருமுறை கேளுங்கள். அவன் சொல்லும் விடையைச் சினமின்றிக் கேட்க முடிந்தால், நீங்களும் ஒரு மழைக்காலத்தைக் கடந்தவர் ஆவீர்கள்.